கழுத்தில் ஒரு மரச்சீட்டு

எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் படம் மாட்டியிருக்கிறது. கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாக்கம் குடியிருப்பில் எல்லோருக்கும் கொடுத்த அதே ஒற்றை அறைதான். ஓர் உறவுக்காரக் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து அம்மாவை மட்டும் வெட்டியெடுத்து, மேற்கு மாம்பலத்தில் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வந்தேன். அம்மாவின் தோள்மேல் யாருடைய கையோ கொஞ்சம் தெரியும். தலையில் பூ இருக்கும். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போகிற மாதிரி இருப்பாள்.

அந்தப் படத்துக்கு மாலை கிடையாது. கண்ணாடியில் குங்குமப் பொட்டு கிடையாது. கீழே எரிகிற சின்ன பல்பும் கிடையாது. அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகப்போகும் வரைக்கும் அது உயிரோடிருக்கிறவர்களின் படம் போலவே தொங்கிக்கொண்டிருந்தது.

காரணம் அப்பா. நான் கூப்பிடுவது நைனா என்றுதான். எழுத உட்கார்ந்தால் அப்பா என்று வந்துவிடுகிறது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, ஒவ்வொரு வருஷமும் திதி நெருங்கும்போது கையில் மாலையோடு வந்து நிற்பாள். ஒவ்வொரு வருஷமும் இதே பேச்சு நடக்கும்.

"ஏன் மாமா, செத்தவளுக்கு ஒரு மொழம் பூ போடக்கூட மனசு வர்லியா ஒனக்கு?"

"செத்தது அவதான்னு யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது."

"ஊரு பாத்துதா? நீ பாத்தியா? நான் பாத்தனா? மொகத்தையே பாக்காம எவளையோ அனுப்பிவெச்சிட்டு வந்துக்கிறோம். அவதான்னு இன்னா ருசு?"

சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டு மாலையைத் திரும்ப எடுத்துப்போய், பஸ் நிறுத்தத்துப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுப் போவாள்.

அம்மா எங்கேயோ உயிரோடிருக்கிறாள் என்ற நம்பிக்கை அப்பாவுக்கு இல்லை. ரேஷன் கார்டில் பெயரை எடுக்கச் சொன்னபோது பேசாமல் எடுத்தார். எரிந்தது அவளா இல்லையா என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. வேறு எந்தப் பெண்ணாவது எங்கள் கண்முன் எரிந்திருந்தால், அம்மா யாருமில்லாமல் வேறு எங்கோ எரிந்திருக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டு மாலை போட அவருக்குக் கை வரவில்லை.

மற்றவர்களுக்கு இந்தச் சந்தேகம் நாளாக நாளாகத் தேய்ந்திருக்கும். அப்பாவுக்குத் தேயாமல் போனதற்கு அவர் பார்க்கிற வேலையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மந்தைவெளியில் ஒரு கடையிலிருந்து சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோய் வைக்கிறவர் அவர். உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை உடம்பு கெடாமல் இருக்க, கண்ணாடி மூடி போட்ட குளிர்ப்பெட்டி. மயிலாப்பூர் மாட வீதிகளிலிருந்து தி.நகர் வரை அவர் பெட்டியோடு நுழையாத தெரு குறைவு. குறுகலான மாடிப்படியில் பெட்டியை எப்படித் திருப்புவது என்று அவருக்கு ஒரு வித்தை உண்டு. உள்ளே போனதும் முதலில் பிளக் எங்கே என்று பார்ப்பார். அடுத்தது திசை. தலைமாடு தெற்கே இருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் அழுகையில் மறந்திருந்தாலும் அவர் மறக்க மாட்டார். மழைக் காலத்தில் கண்ணாடி வேர்த்துக்கொள்ளும். தோளில் கிடக்கிற துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"மொகம் தெரியணும்டா. அதுக்குத்தான் பொட்டி. இல்லாங்காட்டி குளுமைக்கு வாழ எலயில படுக்க வெச்சா போதாதா?" என்பார்.

எடுக்கிற நேரம் வந்ததும் மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யார் வீடாக இருந்தாலும், அவர்தான் சொல்வார்: "கடைசியா மொகம் பாக்கறவங்க பாத்துக்கோங்க." சின்ன வயதில் அதைச் சொல்லிக்காட்டச் சொல்லி நான் கேட்பேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து கத்துவாள், "வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா பேச்சுடா அது!"

அம்மா போனது கொரோனாவின் இரண்டாவது அலையில். மந்தைவெளியில் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், ஒரு நாள் பஸ்ஸிலேயே உட்கார முடியாமல் திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நாங்கள் அவளைப் பார்க்கவில்லை. போனில் ஒருமுறை பேசினாள். மூச்சு வாங்க, "அரிசி ஊற வெச்சிட்டு வந்துட்டேன், புளிச்சிடும், எடுத்துக் கொட்டிடு" என்றாள். என்னிடம் அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மயானத்துக்கு இரண்டு பேர்தான் வரலாம் என்றார்கள். ஒரு கயிறு கட்டி அதற்கு இந்தப் பக்கம் எங்களை நிறுத்தினார்கள். வண்டியிலிருந்து இறக்கியபோது தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஜிப் போட்டிருந்தது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. நெஞ்சுக்கு மேலே ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் நீல மையில் எழுதியிருந்தது. நான் எட்டிப் படித்தேன். "அம்மா பேருதான் போட்டுக்கிது, நைனா" என்றேன்.

அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஜிப்ப கொஞ்சம் தெறங்க தம்பி. மொகம் மட்டும். தூர நின்னே பாத்துக்கிறேன்" என்றார். முழு உடுப்பும் கண்ணாடியும் போட்டிருந்த அந்த ஆள் தலையை ஆட்டினான். "வேணாண்ணே. ஒங்களுக்கும் ஆவாது, எனக்கும் ஆவாது." அவன் குரலும் சரியாக இல்லை. அவனைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அம்மாவின் பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். அதே வார்டில் அதே பெயரில் இன்னொரு அம்மாவும் இருந்ததாக யாரோ பேசியது அப்பாவின் காதில் விழுந்திருந்தது. உடம்பு மாறிப்போனதாக வதந்திகளும் அப்போது ஏராளம். வீட்டுக்கு வந்தால், நோய் வந்த வீடென்று வாசலில் தகரம் அடித்திருந்தார்கள். மேளம் இல்லை. ஒப்பாரி இல்லை. யாரும் வரவில்லை, வரவும் கூடாது. ஊரே செத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அப்பாவின் கடையில் பெட்டிகள் சும்மா நின்றன. வீட்டுக்கே வராத உடம்புக்குப் பெட்டி எதற்கு?

அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுத்தாலே அப்பா கையை உயர்த்திவிடுவார். "நீ படிச்ச. நான் பாக்கல." அதற்கு மேல் பேச முடியாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முழுசாகப் போன முதல் ஆள் நான். அரசுக் கல்லூரியில் சரித்திரம் எம்.ஏ. வரைக்கும் படித்தேன். படித்ததற்கு ஏற்ற வேலை ஒன்றும் உடனே அமையவில்லை. அப்போதுதான் கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவை ஒட்டிக் கட்டிய மண்டபத்தில் பண்டைய எகிப்துப் பொருட்களின் கண்காட்சி வந்தது. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று சில மாதங்களுக்கு அனுப்பி வைத்தது. பொருட்களுக்குப் பக்கத்தில் வைக்கிற விளக்கங்களைத் தமிழில் எழுதவும், வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டவும் ஆள் தேடினார்கள். கிடைத்துவிட்டது.

அப்பாவின் கடையில் விஷயம் தெரிந்ததும் ஒரே சிரிப்பு. "அப்பன் ஐஸ் பொட்டி, புள்ள மம்மி பொட்டி. குடும்பமே பொட்டியிலதான் சோறு துன்னுது" என்றார்களாம். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. கடைசி அறையில் ஒரு பெண் இருந்தாள். துணியால் சுற்றிய பெண். பழுப்பேறிய நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்சதுரம் சாய்சதுரமாகப் போட்டு, முகத்தையும் சேர்த்து மூடியிருந்தார்கள். கழுத்தில் கயிற்றில் கோத்த ஒரு சின்ன மரத்துண்டு. அதற்கான விளக்கத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். இறந்தது ஓர் ஊர், அடக்கம் செய்ய வேண்டியது சொந்த ஊர் என்றால், பதப்படுத்திய உடலைப் படகேற்றி ஆற்றோடு அனுப்புவார்கள். வழியில் ஒருவர் இன்னொருவராக மாறிவிடக் கூடாது என்று பெயரெழுதிய சீட்டை உடலோடு கட்டுவார்கள். இவ்வளவுதான் எழுத வேண்டியது. எழுதி முடித்து வெளியே போய் டீக்கடையில் நின்றேன். டீ ஆறிப்போனது தெரியாமல் நின்றிருக்கிறேன்.

அதனால் அப்பாவை அங்கே அழைத்துப்போகும் எண்ணமே எனக்கு இல்லை. கண்காட்சி முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்கிறவர்களின் வீட்டார் வரலாம் என்றார்கள். நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அப்பாவே கேட்டார்.

"ஒன் ஆபீஸ ஒரு நாளு காமிடா. கடையில கேக்கறானுங்க, எப்டி கீதுன்னு. இன்னான்னு சொல்றது?"

மறுக்க முடியவில்லை. கடைசி அறையை விட்டுவிட்டு மற்றதைக் காட்டிக் கூட்டிவந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தோளில் துண்டு. வாசலில் செருப்பைக் கழற்றினார். "கழட்ட வேணாம் நைனா" என்றேன். "கெடக்கட்டும்டா" என்றார். அங்கே உதவிக்கு வருகிற ஒரு மயிலாப்பூர் அம்மாள் இருந்தார், ரிட்டயரான டீச்சர். நான் எழுதிய தமிழை வரிவரியாகத் திருத்தித் தந்தவர். எழுந்து வந்து கும்பிட்டார்.

"வாங்கோ, வாங்கோ. உங்க பிள்ளை ரொம்ப நன்னா பண்றான். குழந்தைகள்லாம் அவனையே சுத்திண்டு நிக்கறதுகள்."

அப்பாவுக்குக் கூச்சம். "ஒங்க ஆசீர்வாதம்மா" என்று சொல்லிவிட்டுத் துண்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

முதல் அறையில் நன்றாகத்தான் இருந்தது. விரல் நீளத்தில் நீலப் பொம்மைகள் வரிசையாக நின்றன. செத்துப்போனவருக்கு மேலுலகத்தில் வயல் வேலை வந்தால் அவருக்குப் பதிலாக இவை போய்ச் செய்யும் என்று விளக்கினேன்.

"செத்தும் வேலையா?" என்றார் அப்பா. "ஆனா கில்லாடிங்கடா. பொம்மைய அனுப்பிட்டு இவன் குந்திக்கினு இருப்பான்."

காய்ந்து கல்லாகிப்போன ரொட்டி ஒன்றும் ஜாடிகளும் இருந்தன. குனிந்து பார்த்தார். "படையல் வெச்சிக்கிறாங்க. சரக்கு?"

"பீர் வெப்பாங்க நைனா."

"அப்போ நம்ப ஆளுங்கதான்."

காவலுக்கு நின்றவர் சிரித்துவிட்டார். அவரும், பெரும்பாக்கம் வரும் முன் எங்கள் குடிசை இருந்த சைதாப்பேட்டைப் பக்கம்தான். அப்பாவோடு உடனே ஒட்டிக்கொண்டார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். நான் இரண்டாவது அறையில், சாமான்களைப் பற்றிக் கேட்ட ஒரு குடும்பத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். கடைசி அறையிலிருந்து காவலரின் குரல் கேட்டது.

"ஐயையே, கண்ணாடிய தொடாத பெரிசு! மேடம் பாத்தா என்ன காலி பண்ணிடுவாங்க."

ஓடினேன். கண்ணாடிப் பெட்டியின் தலைப் பக்கத்தில் நின்று அப்பா துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை. ஏசியில் அது பளிங்கு மாதிரி இருந்தது. கை பாட்டுக்குத் துடைத்தது.

"மொகம் தெர்லப்பா" என்றார் காவலரிடம்.

"துணி சுத்திக்கிறாங்க பெரிசு. அப்டித்தான் இருக்கும்."

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தார். பிளக் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துத் திசையைக் கணக்குப் பண்ணினார்.

"தல கெழக்கால கீது. தெக்கால இல்ல இருக்கணும்?"

"அவங்க ஊரு வழக்கம் வேற" என்றார் காவலர்.

"எத்தினி நாளா எடுக்காம வெச்சிக்கிறாங்க?"

"ரெண்டாயிரம் வருசமாம்."

"அம்மாடி! இன்னா, புள்ள அமெரிக்காலேர்ந்து வரணுமா?"

காவலர் வாயைப் பொத்திக்கொண்டார். மயிலாப்பூரில் எந்த வீட்டுக்குப் பெட்டி போனாலும் கேட்கிற பேச்சு அது: பையன் அமெரிக்காவில் பிளேன் ஏறிவிட்டான், நாளைக்குத்தான் எடுப்போம். அப்பா சொன்னதற்கு நானும் சிரித்தேன். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பெட்டியை விட்டு நகரவுமில்லை.

காவலர் வாசல் பக்கம் போனார். அறையில் நாங்கள் இருவர்தான். பக்கத்துத் திரையில் எக்ஸ்ரே மாதிரி ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. துணியைப் பிரிக்காமலே உள்ளே எடுத்த படம். மண்டையோடும் பல்வரிசையும் மெதுவாகச் சுற்றின. அவருக்கு அது ஆறுதலாக இருக்குமோ என்று நினைத்துவிட்டேன்.

"இத பாரு நைனா. பிரிக்காமலே மொகத்த பாத்துட்டாங்க."

நன்றாகப் பார்த்தார். "இது மொகமாடா? எலும்பு. எலும்பு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

குளிர் அதிகமாக இருந்தது. அவர் காலணியில்லாத கால்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தேய்த்துக்கொண்டார்.

"கழுத்துல இன்னா?"

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. "சீட்டு. மரத்துல எழுதிக் கட்டிக்கிறாங்க. வெளியூர்ல செத்துட்டா படகுல அனுப்புவாங்க. ஆளு மாறிடக் கூடாதுன்னு."

"மாறுமா?"

"மாறும்போலக்கிது. அதனாலதான் கட்றாங்க."

அப்பா கண்ணாடியருகே குனிந்தார். அந்த மரத்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துகள் மங்கிப் பூச்சி ஊர்ந்த தடம் போலத்தான் தெரியும்.

"அப்போ அந்தாண்ட கரையில நின்னவங்களும் மொகம் பாக்கல."

"பாக்கல நைனா. சுத்தித்தானே வரும்."

"சீட்ட வெச்சித்தான் வாங்கிக்கினாங்க."

"ஆமா."

"எல்லாருக்கும் படிக்கத் தெரியுமா அந்தக் காலத்துல?"

"இல்ல. கொஞ்சம் பேருக்குத்தான்."

"வூட்ல எவனாச்சும் ஒருத்தன் படிச்சிருப்பான்" என்றார். "அவன் படிச்சி, இதுதான்னு சொல்லிருப்பான்." பிறகு, "இன்னா எழுதிக்கிது?" என்று கேட்டார்.

நான் எழுதிய விளக்கத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, மனப்பாடம். "அவ பேரு. இன்னாரு பொண்ணுன்னு அவ அப்பா பேரு. வயசு. எந்த ஊருக்குப் போவணும்னு."

"புருசன் பேரு போடலியா?"

"இதுல இல்ல. அம்மாவுதுல உன் பேருதான் போட்டிருந்துது."

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எதுல?"

"பிளாஸ்திரியில. அம்மா பேரு, அதுக்குக் கீய கணவர்னு போட்டு உன் பேரு. வயசு. கட்டில் நம்பர்."

"எம் பேரா?"

"உன் பேருதான். இனிஷியலோட."

என்னால் இப்போதும் இதை விளக்க முடியவில்லை. மூன்று வருஷமாக நான் இதைச் சொல்லாமல் இருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்குக் கயிற்றின் இந்தப் பக்கம் நின்று படித்தபோது, அம்மாவின் பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்திவிட்டேன். அப்புறம் அவர் பேசவே விடவில்லை. கணவர் பெயர் போடுவது எனக்குச் சாதாரண விஷயம். எந்தப் படிவத்திலும் இருக்கிற ஒன்று. எழுத்துத் தெரியாத அவர், ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கிற ஒரு பெயரை மட்டும் ஒட்டி அவளை அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எம் பேரு இருந்துச்சா அவ மேல" என்றார். கேள்வியாக இல்லை.

கண்ணாடியின்மேல் கையை வைத்தார். நான் தடுக்கவில்லை. அந்த எகிப்துப் பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்துக்கு நேராகக் கை இருந்தது. வாசலில் நின்ற காவலர் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அப்பா வெளியே நடந்தார். டீச்சரம்மாள் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் எழுந்து, "கிளம்பிட்டேளா? ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போலாமே" என்றார். அப்பா அவரைப் பார்க்கவில்லை, பதில் சொல்லவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டத்துக் குழாயடிக்குப் போய்க் கால் கழுவினார். தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்.

"போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று டீச்சரம்மாள் என்னிடம் கேட்டார். அவர் ஜன்னல் வழியாகக் குழாயடியைப் பார்த்தார். அப்பா ஈரத் தலையோடு நின்றிருந்தார்.

"ஓ" என்றார் மெதுவாக. "துக்கத்துக்கு வந்தவா சொல்லிண்டு போகமாட்டா. எங்காத்துலயும் அப்படித்தான்." என் கையைத் தட்டிவிட்டு, "நீ அவரோட போ. இங்க நான் பாத்துக்கறேன்" என்றார்.

மயிலாப்பூர்க் குளம் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் வந்தோம். மந்தைவெளி பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒரு பூக்காரம்மா முன்னால் அப்பா நின்றுவிட்டார். மல்லியும் கனகாம்பரமும் கூடையில் சுருண்டு கிடந்தன. அம்மா வேலை முடிந்து வரும்போது இதே மாதிரி பூவைத்தான் வாங்கி வைத்துக்கொண்டு வருவாள்.

"ரெண்டு மொழம் குடும்மா."

"தலைக்கா நைனா, சாமிக்கா?" என்றாள் பூக்காரம்மா, முழங்கையில் அளந்துகொண்டே.

அப்பா பூவையே பார்த்தார். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் ஹார்ன் அடித்தான்.

"படத்துக்கு" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அளந்ததற்கு மேலே இன்னும் ஒரு சாண் விட்டு அறுத்து, வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது எப்போதும் எட்டிப் பார்ப்பார். எங்கள் பழைய குடிசை இருந்த கரை அதே ஆற்றில்தான் மேலே இருக்கிறது. அன்றைக்குப் பார்க்கவில்லை. சோழிங்கநல்லூர் தாண்டிய பிறகு, "வயசு சரியா போட்டிருந்தாங்களா?" என்று கேட்டார். "ரெண்டு வயசு ஏத்திப் போட்டிருந்தாங்க" என்றேன். "அவளே அப்டித்தான் சொல்லுவா. எப்பவும் ஏத்தித்தான் சொல்லுவா" என்றார். கண்ணைத் துண்டால் அழுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ஏறி நின்றார். பொட்டலத்தைப் பிரித்துப் பூவைக் கையில் எடுத்தார். அம்மாவின் முகத்துக்கு நேராக அவர் முகம் இருந்தது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேருக்கு மூடியைத் தூக்கிப் பிடித்த கை மேலே போகவே இல்லை.

"நீ போடுடா" என்று கீழே இறங்கிவிட்டார்.

நான் ஏறிப் போட்டேன். சட்டத்தின் இரண்டு மூலையிலும் பூவைச் சொருகி, நடுவில் தொங்கவிட்டேன். படத்தில் தோள்மேல் தெரிந்த யாருடையதோ ஆன அந்தக் கை பூவுக்குப் பின்னால் மறைந்துபோனது. குங்குமச் சிமிழைத் தேடினேன். அம்மாவுடையது, உள்ளே குங்குமம் கட்டியாகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி, கண்ணாடியில் நெற்றி இருக்கிற இடத்தில் வைத்தேன்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அப்பாவின் குரல் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தி அழுதார். அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

எங்கள் பிளாக்கில் சுவர்கள் மெல்லியவை. கதவுகள் திறக்கிற சத்தம் வரிசையாகக் கேட்டது. எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தாள், கையில் மாவு அப்பியிருந்தது.

"இன்னாடா ஆச்சு? நைனாக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்லக்கா. அம்மா படத்துக்குப் பூ போட்டோம்."

அக்கா நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். அவளும் அம்மாவும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனவர்கள். தகரம் அடித்திருந்த நாட்களில் அவள் எதிர் வாசலில் நின்று எங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. முந்தானையை வாயில் வைத்தாள். அடுத்த நிமிஷம் அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "எங்கக்கா, ஒன்ன வழியனுப்பக்கூட வரலியே, கதவத் தெறக்க வுடலியே பாவிங்க" என்று ஒப்பாரி எடுத்தாள். மாடியிலிருந்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்துகொண்டார்கள். ஆண்கள் படிக்கட்டில் போய் நின்றார்கள். ஒருவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அழுது ஓய்ந்த பிறகு அப்பா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். நான் சோறு வைக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்துத் தடுத்தாள். "துக்க வூட்ல நீ அடுப்பு மூட்டக் கூடாது. நான் கொண்டாறேன்." சோறும் ரசமும் சுட்ட அப்பளமும் கொண்டுவந்து, அப்பாவுக்கு முன்னால் வைத்து, அவர் சாப்பிடும்வரை பக்கத்தில் இருந்தாள்.

சித்திக்குப் போன் பண்ணினேன். படத்துக்குப் பூ போட்டதைச் சொன்னேன். மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அக்கா கடைசியாகப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எப்போதும் வாசலில் நின்று, "வர்றேன் நைனா, வர்றேண்டா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போகிறவள். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போனாள். அப்பா அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.